மூணு ஷிப்ட்டும் பாத்து வாங்குன வூடு

நெய்வேலி டவுன்ஷிப்
வெள்ளிக்கெழம, மத்தியானம்

என் தங்கப் பாப்பா இசைக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் கல்லு மாதிரி இருக்கோம், ஒரு கொறையும் இல்ல. நீ அங்க அந்தக் குளுர்ல தும்மல் இருமல் இல்லாம இருக்கியா, வேளைக்கு சாப்புடறியா, அத மொதல்ல எழுது. நீ நல்லா இருக்கன்னு நெனச்சிகினுதான் இங்க எங்களுக்கு சோறு எறங்குது.

பாப்பா, வூடு வாங்கியாச்சுடி! பாண்டில! லாஸ்பேட்டைப் பக்கம், தெரு முழுக்க மரம், ரெண்டாவது மாடி, ரெண்டு ரூமு ஒரு ஹாலு, பால்கனில நின்னு கைய நீட்டுனா புங்கமரத்துக் கெளைய தொடலாம். புதன்கெழம பத்திரம் பதிஞ்சாச்சு. அன்னிலேர்ந்து உங்கிட்ட போன்ல பேசறப்பெல்லாம் வாய மூடிகினு இருக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போச்சு, நேத்து நீ என்னம்மா ஒரு மாதிரி சிரிக்கறன்னு கேட்டியே, அது இதுதான். போன்ல சொல்லாம ஏம்மா கடுதாசின்னு கேப்ப. நான் அனுப்பற வாய்ஸ் நோட்ட எல்லாம் நீ ரெண்டு மடங்கு ஸ்பீடுல போட்டுக் கேக்கறது எனக்குத் தெரியும், போன தீபாவளிக்கு வந்தப்ப நீ கேக்கறத நானே பாத்தேன், அம்மா கொரலு அணிலு கத்தற மாதிரி இருந்துச்சு. இந்தக் கதைய நீ அப்பிடி ஓட்ட முடியாது, ஒவ்வொரு வரியா படிச்சே ஆகணும். பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆல்பின் லீவு முடிஞ்சி ஞாயித்துக்கெழம நீ இருக்கற நகோயாவுக்கே திரும்பறான், அவங்கிட்ட இதையும் பண்ருட்டி முந்திரி ரெண்டு பாக்கெட்டையும் குடுத்து விடறேன்.

உனக்குத் தெரிஞ்சதுதான், ஜூன் மாசத்தோட அப்பாவுக்கு சர்வீஸ் முடியுது, குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். உங்கப்பா எதுலயும் அவசரப்படாத மனுஷன். காண்ட்ராக்ட்ல இருக்கறப்ப கல்யாணம் பண்ண மாட்டேன், பர்மனென்ட் ஆனாதான் தாலி கட்டுவேன்னு முப்பத்தி நாலு வயசு வரைக்கும் ஒக்காந்துகினு இருந்தவருதான, வூடு விஷயத்துல மட்டும் ஓடிடுவாரா. இங்க ரிட்டயர் ஆவுற எல்லாரும் என்னா பண்றாங்க, வடலூர் பக்கம் ஒரு மனைய வாங்கி வூட்டக் கட்டுறாங்க, நீங்களும் அதையே பண்ணுங்கன்னு பாக்கறவங்க எல்லாம் சொன்னாங்க. நானும் போயி பாத்தேன் பாப்பா. வெள்ளக் கல்லு நட்டு கலர் கலரா கொடி கட்டி வச்சிருக்காங்க, ஆனா காக்கா ஒக்கார ஒரு கெள இல்ல. நான் இந்த டவுன்ஷிப்புக்கு வந்த நாள்லேர்ந்து நெழல்லயே நடந்து பழகுனவ, பால் வாங்கப் போனாலும் மரத்துக்கடியிலயே போயி மரத்துக்கடியிலயே திரும்பி வந்துடுவேன், என்னால அந்த வெட்டவெளில கால் மணி நேரம் நிக்க முடியல. மரம் வச்சா வளந்துடும்னு மனை விக்கிறவரு சொன்னாரு. வளரும், நான் எழுவது வயசுல அதுக்கடில போயி நிக்கலாம். அதுவும் இல்லாம வூட்டக் கட்டுறேன்னு இறங்குனா கொத்தனாரு பின்னாடியும் ஜல்லி லாரி பின்னாடியும் அப்பா அலையணும், முப்பது வருஷத்துக்கு மேல மைன்ஸ்ல நின்ன காலு அது, கொஞ்சம் ஒக்காரட்டுமேன்னு எனக்கு.

அதனால கட்டி முடிச்ச வூடா, அமைதியான தெருவுல, மரத்துக்கு நடுவுல, நம்ம கைக்கு எட்டற வெலைல ஒரு அபார்ட்மென்ட்டுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். அப்பாவும் சரின்னுதான் சொன்னாரு, ஆனா பின்னாடியே ஒண்ணு சேத்தாரு, அண்ணன் சரின்னா எனக்கும் சரி. அங்கதான் மாட்டிச்சு. உங்க கொளஞ்சியப்பன் பெரியப்பாவுக்கு அபார்ட்மென்ட்டுன்ற பேர கேட்டாலே ஆவாது. நம்ம தாத்தன் முப்பாட்டன் எல்லாம் அடுத்தவன் வரப்புல நின்னு அடுத்தவன் வயல்ல குனிஞ்சி செத்தானுங்க, மொத மொத நம்ம வம்சத்துல ஒருத்தன் கையில மண்ணு வாங்கற அளவுக்கு பணம் வருது, அதக் கொண்டும்போயி அந்தரத்துல தொங்குற வூட்டுக்குப் போடுவீங்களான்னு போன்லயே கத்துனாரு. ஏம்மா எழில்மதி, கீழ் வூட்டுக்காரனோட மோட்டுவளைதான் உனக்குத் தரையா, அவன் நாளைக்கு அத இடிச்சிட்டா நீ என்னா பண்ணுவ, மழ பேஞ்சா எங்க வூட்டாண்ட மண்ணு வாசன வரும், உனக்கு பெயிண்ட்டு வாசனதான் வரும்னாரு. அவரு சொல்றதுல நாயம் இல்லன்னு என்னால சொல்ல முடியல பாரு, அதான் எனக்கு எரிச்சலே. அவரு நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போயிதான் அப்பாவ ஐடிஐ படிக்க வச்சாரு, அவரு பேச்சத் தட்டிட்டு அப்பா எந்த பத்திரத்துலயும் கையெழுத்து வைக்க மாட்டாரு, அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும்.

இப்ப இந்த வூடு எப்பிடி கெடச்சிதுன்னு கேளு, நீ நம்ப மாட்ட. சந்திரகலா அக்காவோட மாடித்தோட்ட சேனல நான் பாக்கறேன்ல, நீ கூட கிண்டல் பண்ணுவியே, அம்மா அந்த அக்காவுக்கு ரசிகர் மன்றம் வைக்கப் போறாங்கன்னு. ஆமா, வப்பேன்! வீடியோ போட்ட ஒடனே மொத கமென்ட் நெய்வேலி எழில்னுதான் இருக்கும், அக்கா எனக்கு ஹார்ட் போடுவாங்க, ஒரு தடவ என் கமென்ட்ட எல்லாத்துக்கும் மேல வர்ற மாதிரி பின் கூட பண்ணாங்க, அன்னிக்கு நான் அப்பாவுக்கு கேசரி கிண்டிக் குடுத்தேன். போன நவம்பர்ல புடலங்கா வீடியோ ஒண்ணு போட்டாங்க, காயி நேரா வளரணும்னா நுனில கல்லு கட்டித் தொங்க விடணும்னு காமிக்கறாங்க, எல்லாரும் புடலங்காய பாக்கறாங்க, நான் அதுக்குப் பின்னாடி பாத்தேன். எதுத்தாப்ல ஒரு பழைய பில்டிங்கு, மரம் மறச்சிகினு இருக்கு, அதுல ஒரு பால்கனில விற்பனைக்குன்னு போர்டு தொங்குது! நிறுத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஜூம் பண்ணிப் பாத்தா போன் நம்பர்ல கடைசி ரெண்டு எலக்கத்த புடலங்கா மறச்சிகினு இருக்குது. நான் விடுவேனா, ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாத்தேன், ஒரு கோழிக்கடைக்காரரு எடுத்து எத்தன கிலோன்னு கேட்டாரு, ஒரு அம்மா என்னைய கடன் கேக்கற கம்பெனின்னு நெனச்சி திட்டுனாங்க. அப்பறம்தான் புத்தி வந்து கமென்ட்லயே கேட்டேன், அக்கா அந்தப் புடலங்காய்க்குப் பின்னாடி இருக்கற வூடு விக்கிறாங்களான்னு. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சிட்டு நம்பர அனுப்பி விட்டாங்க.

ஓனரு பேரு அசோக்குமார், ரெண்டு தெரு தள்ளி தனி வூடு கட்டிகினு போயிட்டாரு. நாங்க பண்ருட்டில எறங்கி பாண்டி பஸ்ஸு மாறிப் போனோம். அந்தத் தெருவுல திரும்பறப்பவே எனக்கு நம்ம பிளாக்குக்குள்ள நொழையற மாதிரி இருந்துச்சு, ரோடு மேல வெயிலு துண்டு துண்டாதான் விழுது. லிஃப்ட்டு இல்ல, பில்டிங்கும் பழசு, அதனாலதான் வெல நம்மளுக்கு எட்டுச்சு. உள்ள போன ஒடனே நான் என்னா பண்ணேன்னு சொல்லு பாப்போம். ஜன்னல் கட்டைல வெரல வச்சி ஒரு இழு இழுத்தேன். பழக்கம் போவுமா, இங்க காலைல தொடச்சா சாயங்காலம் கரித்தூள் ஒட்டுதே. அங்க வெரலு சுத்தமா இருந்துச்சு, கொஞ்சம் பூந்தாது மட்டும் மஞ்சளா. ஓட்டு போட்டுட்டு வந்து வெரல காட்டற மாதிரி அப்பாகிட்ட நீட்டிக் காட்டுனேன். அப்பா அந்தப் பக்கம் கொழாய பாத்துகினு இருந்தாரு, அது லேசா சொட்டிகினு இருந்துச்சு. குவார்ட்டர்ஸ் நெனப்புலயே அசோக்குமார்கிட்ட ரொம்ப மரியாதையா, சார் இதுக்கு கம்ப்ளெயின்ட் எங்க எழுதணும்னு கேட்டாரு. அவருக்கு ஒண்ணுமே புரியல. எதுக்கு சார் கம்ப்ளெயின்ட்டு, உங்க கொழாய், நீங்கதான் பாத்துக்கணும்னாரு. பஸ்ஸு பண்ருட்டி தாண்டுனதும் அப்பா என்னாண்ட திரும்பி, அப்ப கொழாய் ஒழுவுனா யாரும் வர மாட்டாங்களான்னு கேட்டாரு. நீங்க வருவீங்க, வந்து சரி பண்ணுவீங்கன்னு சொன்னேன்.

உங்கிட்ட சொல்லாத ஒண்ணும் இருக்குது. இதுக்கு முன்னாடி வேற ஒரு ஏரியாவுல ஒரு வூட்டப் பாத்தோம், எல்லாம் பேசி முடிச்சிட்டு அந்த ஓனரு சொந்த ஊரு எதுன்னாரு, அப்பா சொன்னாரு. ஊருக்குள்ளயா காலனியான்னு கேட்டாரு, அப்பா அதையும் சொன்னாரு. மறுநாளே வேற ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டாங்கன்னு மெசேஜ் வந்துச்சு, ஆனா விளம்பரத்த ஒரு மாசம் எடுக்கல அந்தாளு, நான் தெனம் பாத்துகினுதான் இருந்தேன். நம்ம டவுன்ஷிப்ல உன்னைய யாராச்சும் அப்பிடிக் கேட்டிருக்காங்களா, எந்த பிளாக்குன்னுதான கேப்பாங்க. அதனால அசோக்குமார் வாயத் தொறந்து உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்னு ஆரம்பிச்சப்பவே நான் கெளம்பறதுக்கு பைய எடுத்து தோள்ல மாட்டிட்டேன். அவரு கேட்டது என்னா தெரியுமா, சத்தமா பாட்டு போடுவீங்களா, கீழ ஒரு பொண்ணு டாக்டருக்குப் படிச்சிகினு இருக்குது, அவ்ளோதான். நான் அங்கயே அந்த வூட்ட மனசுல எழுதி வாங்கிட்டேன்.

ஆனா உங்கப்பா இருக்காரே. மைன்ஸ்ல ஒரு மெஷின ஏத்துக்கறதுக்கு முன்னாடி மூணு ஷிப்ட்டும் ஓட்டிப் பாக்காம கையெழுத்து வைக்க மாட்டாராம், அது மாதிரி வூட்டையும் மூணு ஷிப்ட்டும் பாக்கணுமாம். எல்லாரும் சாயங்காலம் வந்து காத்தாட நின்னு பாத்துட்டு வாங்கிடறாங்க, அப்பறம் காலைல ஆறு மணிக்கு என்னா நடக்குதுன்னு தெரியாம முழிக்கறாங்கன்னாரு. அசோக்குமார்கிட்ட நாங்க ஏ ஷிப்ட்டு பாக்கறதுக்கு வரோம்னு சொல்லிட்டாரு, அந்த மனுஷன் என்னாண்ட தனியா, உங்க வூட்டுக்காரரு என்னாங்க சொல்றாருன்னு கேட்டாரு. மொத பஸ்ஸப் புடிச்சி போயி ஏ ஷிப்ட்டு பாத்தோம், குயிலு கூவுது, பால்காரரு மணி அடிக்கறாரு, ஒரு தாத்தா மரத்தப் புடிச்சிகினு காலு நீட்டி எக்சசைஸு பண்றாரு, அவ்ளோதான் சத்தம். மத்தியானத்துக்கு மேல பி ஷிப்ட்டு பாக்கப் போனப்ப குட்டி ஃப்ளைட்டு ஒண்ணு தலைக்கு மேல போச்சு, பக்கத்துலதான ஏர்போர்ட்டு. அப்பா தலைய தூக்கி அது மறையற வரைக்கும் பாத்துட்டு, பரவால்ல, நம்ம கன்வேயர விட இது கம்மிதான்னு பாஸ் போட்டுட்டாரு.

அன்னிக்குத்தான் குண்டு விழுந்துச்சு. அசோக்குமார் சொல்றாரு, சென்னைலேர்ந்து ஒரு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, வாங்கி வாடகைக்கு விடறதுக்காம், நீங்க ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிவு சொல்லலன்னா நான் அவங்களுக்கு குடுத்துடுவேன், தப்பா நெனச்சிக்காதீங்கன்னு. அப்பா ஒடனே அண்ணன்னு ஆரம்பிக்கறாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு பாப்பா. வெளிய வந்து மரத்தடில நின்னுகினே பெரியப்பாவுக்கு போன் போட்டேன். மாமா, பாக்காம திட்டுனா செல்லாது, சனிக்கெழம வந்து ராத்திரி தங்கி சி ஷிப்ட்டு நீங்க பாருங்க, பாத்துட்டு எவ்ளோ வேணா திட்டுங்கன்னேன். உங்க பெரியப்பாவுக்கு யாராச்சும் செல்லாதுன்னு சொன்னா புடிக்காது, அதான் அவரு வீக்னெஸ்ஸு. வரேன்னாரு.

சனிக்கெழம சாயங்காலம் சேத்தியாத்தோப்புலேர்ந்து வந்து எறங்கறாரு, தோள்ல துண்டு, கையில ஒரு கோணிப்பை, என்னாண்ட குடுக்கவும் மாட்டேங்கறாரு. நேரா காம்பவுண்டுக்குள்ள போயி நின்னு சுத்திப் பாத்துட்டு கேட்டாரு, இதுல நம்ம மண்ணு எது. நான் தயாரா இருந்தேன், இதுக்குன்னே எத்தன வீடியோ பாத்திருக்கேன். மாமா, மாடி வூடு வாங்குனாலும் கீழ இருக்கற நெலத்துல நம்மளுக்கு ஒரு பங்கு உண்டு, பத்திரத்துல பிரிபடாத பாகம்னு எழுதுவாங்க, இந்த மூலை நம்மளுது அந்த மூலை அவங்களுதுன்னு கெடயாது, மொத்தத்துலயும் எல்லாருக்கும் சேந்து பங்குன்னேன். அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. வரப்பு இல்லாத நெலமா, எல்லைக்கல்லு இல்லாத நெலமா, உன்னைய எவனோ நல்லா ஏமாத்திட்டான்மான்னு சொல்லிட்டு மாடி ஏறிட்டாரு. காலி வூட்டுல பாய விரிச்சி அண்ணனும் தம்பியும் சி ஷிப்ட்டுக்குப் படுத்துட்டாங்க. நான் எங்க இருந்தேன்னு நெனைக்கற? சந்திரகலா அக்கா வூட்டுல! அக்கா கையால ரசம் சாப்புட்டேன், அந்தப் புடலங்கா பந்தல் கீழ நின்னு செல்ஃபி எடுத்துகினேன், உனக்கு அனுப்பாம இருந்ததுக்கு எனக்கு ஒரு அவார்டே குடுக்கணும்.

விடிஞ்சி டீ குடிச்சிகினு இருக்கேன், எதுத்தாப்ல ஒரே கூச்சல். எட்டிப் பாத்தா காம்பவுண்டுக்குள்ள தண்ணி பீச்சி அடிக்குது, நடுவுல உங்க பெரியப்பா நனைஞ்சிகினு நிக்கறாரு, கையில மம்பட்டி! அந்தக் கோணிப்பைக்குள்ள அதத்தான் கொண்டாந்திருக்காரு, காம்ப தனியா கழட்டி வச்சி. என்னான்னா ஊர்ல மனை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ண அதுலயே திருப்பிப் போடுவாங்க, மண்ணு மீந்தா நல்ல மனை, பத்தலன்னா வாங்கக் கூடாது. எவன் ஏமாத்துனாலும் மண்ணு ஏமாத்தாதுன்னு அப்பா தூங்கறப்பவே எழுந்து வந்து அபார்ட்மென்ட்டு காம்பவுண்டுல குழி தோண்டிட்டாரு பாப்பா! நாலு வெட்டுதான், மொத்த பில்டிங்குக்கும் போற தண்ணி பைப்பு ரெண்டா போச்சு.

நான் ஓடறதுக்குள்ள எல்லா வூட்டுக்காரங்களும் எறங்கி வந்துட்டாங்க. பல்லு வெளக்கற பிரஷ்ஷு வாயில இருக்க, பனியனோட ஒருத்தரு, அந்த பில்டிங்குக்கு செக்ரட்டரியாம், யோவ் யாருய்யா நீ, யாரு எடத்துல வந்து குழி தோண்டறன்னு கத்துனாரு. அந்தக் கேள்விய ஆயுசு பூரா எத்தன பேரு பெரியப்பாகிட்ட கேட்டிருப்பாங்க, எத்தன தடவ அவரு துண்ட எடுத்து இடுப்புல கட்டிகினு தள்ளி நின்னிருப்பாரு. நான் முடிஞ்சிதுன்னே நெனச்சேன். ஆனா உங்க பெரியப்பா மம்பட்டிய தோள்ல வச்சிகினு, எங்க எடம்யான்னாரு! இதுல ஒவ்வொரு புடி மண்ணுலயும் எங்களுக்கும் பங்கு இருக்குது, இந்தப் பக்கம் உனுது அந்தப் பக்கம் எனுதுன்னு எவனும் கோடு கிழிக்க முடியாது, எல்லாருக்கும் சேந்துதான் பங்கு, பத்திரத்துல அப்பிடித்தான் எழுதுவாங்க, எந்தம்பி பொண்டாட்டி படிச்சவ, அவளாண்ட கேட்டுப் பாருன்னாரு. முந்தின நாள் என்னைய ஏமாந்தவன்னு சொன்ன அதே வாயி! பிரஷ்ஷுக்காரரு விடல, பங்கு இருக்கட்டும்யா, அசோக்குமார் வூடு இன்னும் விக்கவே இல்லியே, அப்பறம் எப்பிடி உங்க எடம்னாரு. பெரியப்பா, தூக்கக் கலக்கத்துல எறங்கி வந்து நின்ன அப்பா பக்கம் திரும்பி, ஏண்டா கலைச்செல்வா, இன்னும் வாங்கலியா, எதுக்குடா இத்தன நாளு லேட்டு பண்ணிகினு இருக்கன்னு எல்லாருக்கும் முன்னாடி ஒரு அதட்டு! அப்பா முகத்த நீ பாக்கணுமே. நான் சுவத்தப் புடிச்சிகினு சிரிச்சேன், சிரிச்சிகினே அழுதேன்.

அப்பறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. அப்பா மெயின் வால்வ மூடிட்டு பைப்பு வாங்க கெளம்பினாரு, ஞாயித்துக்கெழம கட தொறக்க நேரம் ஆவும்ல. அதுவரைக்கும் ஒரு வூட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. பெரியப்பா சந்திரகலா அக்கா பில்டிங்குலேர்ந்து ரெண்டு பக்கெட்டுல தண்ணி புடிச்சாரு, மாடி மாடியா தூக்கிகினு ஏறுனாரு. நானும் ஒரு கொடத்தோட பின்னாடியே போனேன். மொத வூட்டு வாசல்ல பெரியப்பா தன்னால நின்னுட்டாரு, பக்கெட்ட கீழ வச்சிட்டு தள்ளி நின்னாரு. கீழ் வூட்டு டாக்டர் படிப்பு பொண்ணோட அம்மா, என்னாங்க அங்கயே நிக்கறீங்க, அடுப்படில அண்டா இருக்கு, அதுல ஊத்திடுங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. பெரியப்பா என்னைய ஒரு பார்வ பாத்தாரு. செருப்ப கழட்டி ஓரமா விட்டுட்டு உள்ள போயி ஊத்துனாரு. அப்பிடியே எல்லா வூட்டு அடுப்படிக்கும் போனாரு பாப்பா. நம்ம ஊர்ல தெருக்கொழாயாண்ட நம்ம கொடத்த எங்க வைக்கணும்னு எவ்ளோ சண்ட, எவ்ளோ பஞ்சாயத்து, எல்லாத்துலயும் முன்னாடி நின்னவரு அவரு. மூணாவது மாடில ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, அவங்க பெரியப்பாவ ஒக்கார வச்சி அதே தண்ணில காபி போட்டுக் குடுத்தாங்க. சக்கர கம்மியா இருக்குன்னு இவரு சொல்றாரு, வயசுக்கு அது போதும்னு அவங்க சொல்றாங்க, கேக்கணுமே அந்த வாக்குவாதத்த.

அசோக்குமார் வந்து குழியப் பாத்து தலைல கைய வச்சிகினாரு. அந்த டீச்சரம்மாதான் மாடிலேர்ந்து எட்டிப் பாத்து, தம்பி, வாங்கி வாடகைக்கு விடறவங்களுக்கு குடுக்காத, குழி தோண்டுனவருக்கே குடு, இவங்களாச்சும் ஒண்ணு ஒடஞ்சா நின்னு சரி பண்றாங்கன்னாங்க. பிரஷ்ஷுக்காரரு கூட அதுக்குள்ள சட்ட போட்டுகினு வந்து அப்பாகூட சேந்து பைப்பப் புடிச்சிகினு நின்னாரு. மத்தியானம் தண்ணி ஏறுச்சு. குழிய மூடுனாங்க, மூடி மிதிச்சதுக்கப்பறமும் மண்ணு ஒரு கூடை அளவுக்கு மீந்து நின்னுச்சு. பெரியப்பா அத எல்லாருக்கும் கைய காட்டிக் காட்டி சொன்னாரு, பாத்துக்குங்க, மீந்துடுச்சு, நல்ல மனை. உங்க எல்லாருக்கும்தான் சொல்றேன்னாரு. செக்ரட்டரிக்கு முகத்துல அவ்ளோ சந்தோஷம், இத்தன வருஷம் அவரு அந்த மனையில இருக்காரு, நல்ல மனைன்னு யாருமே சொன்னதில்லயாம்.

அன்னிக்கே டோக்கன் குடுத்தோம். அப்பா பி.எஃப்.ல எடுத்தது, என் சீட்டு, நீ அனுப்புனது எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது, அதனால அந்த வூட்டுல உன் பங்கும் எந்த ஜன்னல் எந்த கதவுன்னு காட்ட முடியாது. பேப்பரு எல்லாம் வக்கீலு கிட்ட காட்டி, வில்லங்கம் போட்டுப் பாத்து, நானே ஒவ்வொரு பக்கமா படிச்சிட்டுத்தான் பதிஞ்சோம், வீடியோ பாத்து கத்துகினது வீணாப் போவல, வக்கீலே நீங்க எங்கம்மா படிச்சீங்கன்னு கேட்டாரு. பத்திரம் அப்பா பேர்லயும் என் பேர்லயும். சாட்சிக் கையெழுத்து பெரியப்பாதான், அதுக்குன்னு புதுசா ஒரு பேனா வாங்கிகினு வந்தாரு, கொ போட்டு ள போட்டு நிதானமா முழுப் பேரும் எழுதுனாரு, பின்னாடி வரிசைல நின்னவங்க எல்லாம் உச்சு கொட்டுனாங்க, அவரு கண்டுக்கவே இல்ல. வெளிய வந்து ஊர்ல எல்லாருக்கும் போன் போட்டு, எந்தம்பிக்கு மண்ண நான் சோதிச்சிக் குடுத்தேன்னு சொல்லிகினு இருக்காரு. சொல்லட்டும், நெசந்தான.

சரி, உன் சமாச்சாரத்துக்கு வரேன். அந்த டப்பா நூடுல்ஸ தெனமும் திங்காத, ஞாயித்துக்கெழமல ஒரு கொழம்பு வச்சி ஃப்ரிட்ஜுல வச்சிக்க. சாக்ஸ் ஈரமா இருந்தா போடாத. ராத்திரி ஷிப்ட்டு போட்டா அப்பா சொல்ற மாதிரி வந்த ஒடனே படுத்துடு, போன நோண்டாத, நான் உனக்கு ரீல்ஸ் அனுப்புனா கூட பாக்காத, மறுநாள் பாத்துக்க. ஆல்பின் அம்மா ஆரோக்கியம்மாக்கா உனக்கு எலுமிச்ச ஊறுகா போட்டுக் குடுத்திருக்காங்க, கெடச்சதும் அவங்களுக்கு ஒரு வார்த்த பேசிடு. நீயும் வந்துதான் அந்த வூட்டுல பால் காய்ச்சணும்னு பெரியப்பா கண்டிஷன் போட்டுட்டாரு, மே மாசம் உனக்கு எப்ப லீவு கெடைக்கும்னு பாத்து சொல்லு, அதுக்கப்பறம்தான் நாங்க நாள் குறிப்போம். வேற யாருக்காகவும் குறிக்க மாட்டோம்.

உன் ஒடம்ப பாத்துக்க பாப்பா. செல்லியம்மா உனக்கு முன்னாலயும் பின்னாலயும் நடந்து வருவா, நீ எந்த தேசத்துல கால வச்சாலும் அது உனக்கு ஆகி வரும், நூறு வயசுக்கு மேல நல்லா இருப்ப, எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உன் தலைக்கு மேல எப்பவும் இருக்கும்.

மறக்காம ஒண்ணு. ரெண்டாவது முந்திரி பாக்கெட்ட கத்தியால அறுக்காத, மெதுவா பிரி, உள்ள ஒரு சாவி இருக்குது. ஜூன்ல அப்பா இங்க இருக்கற சாவிய எல்லாம் எண்ணி ஆபீஸ்ல ஒப்படச்சி கையெழுத்து வாங்கணும், இது அந்தக் கணக்குல வராது, யார்கிட்டயும் எப்பவும் திருப்பிக் குடுக்க வேண்டியதில்ல. நீ வர்றப்ப பெல் அடிக்காத, நான் அடுப்படில இருப்பேன். தொறந்துகினு உள்ள வா.

இப்படிக்கு,
உன்ன நெனச்சிகினே இருக்கற அம்மா,
எழில்மதி கலைச்செல்வன்